பென்னி ரோலும் ஓட்டைக் காலணாவும்

2024-ம் வருடம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நானும் மனைவியும் ஒஹையோ மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தோம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். காலை எட்டு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வேலையில் உட்கார்ந்துவிடுவார்கள். கார் ஓட்டத் தெரியாத நமக்கு வெளியே போக வழியில்லை. என் மனைவிக்குச் சமையலறை இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் மாதம் பேரனுக்குப் பள்ளி விடுமுறை விட்டார்கள். அவனுக்குப் பதினொரு வயது. ஒருநாள் என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க பேங்க்ல காசு எண்ணுற வேலைதானே பார்த்தீங்க? எனக்கு ஹெல்ப் பண்ணுங்க" என்றான். அவனுடைய நண்பன் ஒருவன் வங்கியிலிருந்து பென்னி ரோல்களை வாங்கி வந்து, அதில் செம்புக் காசுகளையும் பழைய காசுகளையும் பொறுக்கி எடுக்கிறானாம். இவனுக்கும் அது வேண்டுமாம்.

பென்னி என்பது அமெரிக்காவின் ஒரு சென்ட் காசு, அதாவது டாலரில் நூறில் ஒன்று. வங்கியில் ஐம்பது காசுகளைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றி வைத்திருப்பார்கள். ஒரு ரோல் அரை டாலர். இப்படி ஐம்பது ரோல் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி 25 டாலர். அதில் 2500 காசு இருக்கும். எடை ஏறக்குறைய ஆறரை கிலோ. மாப்பிள்ளைக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு பெட்டி கேட்டு வாங்கி வந்தோம். முக மதிப்புதான் விலை. வேண்டாத காசைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்பதால் நஷ்டமும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்துப் பெட்டியைப் பிரித்ததும் மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, முப்பத்தெட்டு வருஷம் எண்ணினது போதாதா?" என்றாள்.

உண்மைதான். 1973-ல் காசாளராகச் சேர்ந்து 2011-ல் ஓய்வு பெறும்வரை எத்தனை லட்சம் காசுகள் என் கை வழியாகப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. பஸ் கண்டக்டர்கள் கட்டியது, கோயில் உண்டியலில் வந்தது, மளிகைக்கடைச் செட்டியார் மஞ்சள் பையில் கொண்டு வந்தது எல்லாம் எண்ணியிருக்கிறேன். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு காசையாவது திருப்பி அதில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று பார்த்தேனா என்றால், இல்லை. அடுக்கு சரியாக இருக்கிறதா, மாலையில் கணக்கு நேராகிறதா என்பதுதான் அன்றைக்குக் கவலை. காசைப் பார்க்கக் கற்றுக்கொண்டது எழுபத்து மூன்றாவது வயதில், பேரனிடம்.

ஒரே முகம், இரண்டு உலோகம்

முதலில் பார்க்க வேண்டியது வருடம். 1982-க்கு முந்தைய பென்னி நூற்றுக்கு 95 பங்கு செம்பு. எடை 3.11 கிராம். 1982-க்குப் பிந்தையது நூற்றுக்கு 97.5 பங்கு துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. எடை 2.5 கிராம். இரண்டிலும் லிங்கன் முகம், இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். கடையில் இரண்டுமே ஒரு சென்ட்தான்.

1982-ல் மட்டும் இரண்டு வகையும் அடித்தார்கள். வருடம் பாதி போனபோதுதான் உலோகத்தை மாற்றினார்கள். அதனால் 1982 என்று போட்ட காசு கிடைத்தால் எடை போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். மகளுடைய சமையலறைத் தராசு அதற்கு உதவவில்லை. பேரன் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வரவழைத்தான்.

எனக்குத் தராசு தேவைப்படவில்லை. மேஜை மீது போட்டால் செம்புக் காசு 'கிணிங்' என்று ஓசை நீளும். துத்தநாகம் 'டொக்' என்று அடங்கிவிடும். கள்ளக் காசைச் சுண்டிப் பார்த்துக் கண்டுபிடித்த காலத்து ஆள் நான். இரண்டாம் நாளிலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்துக் காசுகளைத் தரம் பிரித்துக் காட்டினேன். பேரன் அன்றுதான் என்னை மதிக்கத் தொடங்கினான் என்று நினைக்கிறேன்.

துத்தநாகக் காசின் இன்னொரு லட்சணமும் கண்ணில் பட்டது. மேல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே அரித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. 1990-களின் காசுகள் பல செல்லரித்தது போல இருந்தன. அதே ரோலில் 1960-களின் செம்புக் காசு கறுத்திருந்தாலும் எழுத்து அழியாமல் இருந்தது.

தேடும் பழக்கம் எப்படி வந்தது

அமெரிக்காவில் சென்ட் காசு 1793 முதல் இருக்கிறது. அந்தக் காலத்து சென்ட் நம் பழைய அரையணாச் செப்புக்காசைப் போலப் பெரிது. 1857-ல்தான் சின்ன அளவுக்கு வந்தது. அதற்குப் பின் இந்தியர் தலை போட்ட காசு ஐம்பது வருடம் ஓடியது. இந்தியர் என்றால் நாம் அல்ல, அந்த மண்ணின் பழங்குடியினர்.

1909 லிங்கனின் நூற்றாண்டு. அவர் முகம் போட்ட காசு அந்த ஆகஸ்ட் மாதம் வந்தது. புழக்கத்துக்கு வந்த அமெரிக்கக் காசில் ஒரு நிஜ மனிதரின் முகம் வந்தது அதுதான் முதல் தடவை. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய சிற்பி. காசின் பின்பக்கத்தில் கீழே தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் போட்டிருந்தார். "இவ்வளவு பெரிதாகவா போடுவது?" என்று சத்தம் எழுந்தது. சில நாட்களிலேயே எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையில் அடித்து முடித்தவை 4,84,000. இன்றுவரை லிங்கன் காசு சேர்ப்பவர்கள் எல்லோரும் கனவு காணும் காசு அதுதான். 1918-ல் அந்த மூன்று எழுத்துகளை லிங்கனின் தோள்பட்டை ஓரத்தில், லென்ஸ் வைத்துப் பார்க்கும் அளவில், திரும்பச் சேர்த்தார்கள்.

வருடத்துக்குக் கீழே ஒரு சின்ன எழுத்து இருக்கும். டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ. எழுத்து இல்லாவிட்டால் பெரும்பாலும் பிலடெல்பியா. நம் காசுகளில் வருடத்துக்குக் கீழே பம்பாய்க்கு வைர வடிவமும் ஹைதராபாத்துக்கு நட்சத்திரமும் இருக்கின்றனவே, அதுபோல.

இந்த எழுத்தை ஊரே உற்றுப் பார்க்க ஆரம்பித்தது 1930-களில், பெரும் பஞ்ச காலத்தில். விஸ்கான்சின் மாநிலத்தில் அட்டைப் பலகை ஒன்று தயாரித்து விற்றார்கள். பென்னி அளவுக்கு வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றின் கீழும் வருடமும் நாணயச் சாலை எழுத்தும். அந்தந்தக் காசைத் தேடிப் பிடித்துத் துளையில் பொருத்த வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் செலவில்லாத பொழுதுபோக்கு. துளையில் இருப்பதும் பணம்தான், முடை வந்தால் எடுத்துச் செலவழிக்கலாம். கடைச் சில்லறையில் தேடியவர்கள் பிறகு வங்கிக்கே போய் ரோல் ரோலாக வாங்கத் தொடங்கினார்கள்.

தேடியவர்களுக்குச் சில சமயம் நாணயச் சாலையே பரிசு வைத்தது. 1955-ல் பிலடெல்பியாவில் ஓர் அச்சு பிசகி, எழுத்தும் வருடமும் இரட்டை இரட்டையாக விழுந்தன. கவனிப்பதற்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள் மற்ற காசுகளோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரிக்க அத்தனையையும் உருக்க வேண்டும் என்பதால் அப்படியே வெளியே விட்டார்கள். அப்போது சிகரெட் இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பாக்கெட் வரும். மீதி இரண்டு பென்னியைப் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். பிசகிய காசுகளில் பல இப்படித்தான் மக்கள் கைக்கு வந்தன.

1943

எங்களுடைய மூன்றாவது பெட்டியில் ஒருநாள் பேரன் கத்தினான். "தாத்தா, இது பென்னியா, டைமா?" டைம் என்பது வெள்ளையான பத்து சென்ட் காசு. அவன் கையில் இருந்தது சாம்பல் நிறம், ஓரத்தில் துரு. முகம் லிங்கன். வருடம் 1943.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன். பட்டென்று ஒட்டிக்கொண்டது. இரும்பு.

இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கித் தோட்டாக்களின் உறைக்கும் மின்கம்பிக்கும் செம்பு தேவைப்பட்டது. அதனால் 1943-ல் ஒரு வருடம் மட்டும் துத்தநாகப் பூச்சுப் பூசிய எஃகில் பென்னி அடித்தார்கள். மூன்று நாணயச் சாலைகளிலும் சேர்த்து நூறு கோடிக்கு மேல் அடித்தும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. பத்து சென்ட் என்று நினைத்து ஏமாந்தார்கள். வியர்வை பட்டுத் துருப்பிடித்தது. விற்பனை இயந்திரங்களில் போலி இரும்பு வில்லைகளைப் பிடிக்க வைத்திருந்த காந்தம் இந்த அசல் காசையும் பிடித்துக்கொண்டது. 1944-ல் செம்புக்கே திரும்பினார்கள். பயிற்சியில் சுட்டுத் தீர்த்த தோட்டா உறைகளை உருக்கியே காசு அடித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1943-ல் எஃகு வில்லைகளோடு பழைய செம்பு வில்லைகள் சில தவறி இயந்திரத்துக்குள் போய்விட்டன. அப்படிச் செம்பில் விழுந்த 1943 காசுகள் இருபது அளவில்தான் தெரியவந்திருக்கின்றன. 1947-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பதினாறு வயது மாணவன் ஒருவனுக்குப் பள்ளி உணவகத்தில் மீதிச் சில்லறையில் ஒன்று கிடைத்தது. அரசுக்கு எழுதிக் கேட்டான். "1943 காசுகள் எல்லாம் எஃகுதான்" என்று பதில் வந்தது. அவன் அந்தக் காசை விடவில்லை. எழுபது வருடம் வைத்திருந்தான். அவர் காலமான பின் 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது.

இந்தக் கதையைப் பேரன்தான் எனக்குச் சொன்னான். நான் அவனுக்கு வேறொரு கதை சொன்னேன்.

எங்கள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் தூளுக்குப் பக்கத்து அறையில் நடுவில் பெரிய துளையுள்ள ஒரு காசு எப்போதும் இருக்கும். ஓட்டைக் காலணா. 1944-ல் என் அண்ணன் பிறந்தபோது அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியதாம். அவர் வளர்ந்து கயிறு அறுந்ததும் அம்மா எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அம்மா போன பிறகு அது அண்ணனிடம் இருந்தது. அண்ணனும் 2019-ல் போய்விட்டார். அண்ணி அதை ஒரு சின்ன டப்பியில் போட்டு என்னிடம் கொடுத்தார். எத்தனையோ முறை அந்த டப்பியைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதில் 1943 என்று போட்டிருப்பதும் தெரியும். ஏன் அந்தக் காசில் துளை என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. கயிற்றில் கோக்க வசதியாக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். ஓட்டைக் காலணா முதலில் அடிக்கப்பட்டதே 1943-ல்தான். காரணமும் அதே போர், அதே செம்புத் தட்டுப்பாடு. அதற்கு முந்தைய முழுக் காலணா ஐந்து கிராமை ஒட்டிய எடை. ஓட்டைக் காலணா இரண்டு கிராம்தான். நடுவில் துளை போட்டு, அளவையும் சுருக்கிச் செம்பை மிச்சம் பிடித்தார்கள். அமெரிக்காக்காரன் உலோகத்தை மாற்றினான். வெள்ளைக்காரன் நம் காசில் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டான். 1947 வரை ஓட்டைக் காலணா வந்தது. மாட்டுவண்டிக்கும் பம்ப்செட்டுக்கும் வாஷராக அது பயன்பட்டதைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வாஷர் அதைவிட விலை அதிகம்!

காசைவிட உலோகம் விலை ஏறினால்

வங்கியில் சேர்ந்த புதிதில் சி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைக்குப் படித்தபோது கிரெஷாம் விதி என்று ஒன்று வரும். கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும். ஐந்து மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதித் தேறினேன். அது என்ன என்று கண்ணால் பார்த்தது இந்தப் பெட்டிகளில்தான்.

1973-74-ல் செம்பு விலை ஏறியது. பென்னியின் முக மதிப்பை அதன் செம்பு நெருங்கியது. மக்கள் பென்னியைப் பதுக்கினார்கள், கடைகளில் தட்டுப்பாடு. 1974-ல் பென்னியை உருக்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டார்கள். வீட்டு உண்டியலில் இருக்கும் பென்னிகளை வெளியே கொண்டு வாருங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. 25 டாலருக்குப் பென்னி கொண்டு வந்து கட்டியவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அதே சமயம் அலுமினியத்தில் பென்னி அடித்துப் பார்த்தார்கள். பதினைந்து லட்சம் அடித்தும் வைத்தார்கள். விற்பனை இயந்திரக்காரர்கள் எதிர்த்தார்கள். குழந்தை மருத்துவர்களும் எதிர்த்தார்கள், விழுங்கிய காசு எக்ஸ்ரேயில் தெரியாதாம். திட்டம் கைவிடப்பட்டது, காசுகள் உருக்கப்பட்டன. பார்வைக்கு வாங்கிப் போன அரசியல்வாதிகள் சிலர் மட்டும் திருப்பித் தரவில்லை. படித்தபோது சிரிப்பு வந்தது. நம் ஊரில் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1964-ல், மூன்று பைசாவை அலுமினியத்தில் போட்டாயிற்று. எந்த டாக்டரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நமக்கும் பதுக்கல் தெரியாதா? 1968 முதல் சில வருடம் வந்த தாமரைப்பூ இருபது பைசா நினைவிருக்கிறதா? மஞ்சளாகப் பளபளக்கும். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு. உண்மையில் அது செம்புக் கலவை, ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. ஆனால் பெண்கள் அதைச் சேர்த்து வைத்தார்கள். உருக்கி வளையல், மோதிரம் செய்து போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். நான் கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் அந்தக் காசு அபூர்வமாகத்தான் கண்ணில் படும். சில்லறைக் காசை உருக்குவதும் தேவைக்கு மேல் பதுக்குவதும் குற்றம் என்று 1971-ல் நம் நாட்டில் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள்.

அமெரிக்காவில் 1982-ல் துத்தநாகத்துக்கு மாறிய பிறகு பிரச்சினை தீர்ந்தது போல இருந்தது. ஆனால் பழைய செம்புக் காசுகள் இன்னும் கலந்து ஓடிக்கொண்டிருக்கின்றனவே! செம்பு விலை மறுபடி ஏறியதும் 2006 டிசம்பரில் மறுபடி தடை வந்தது. பென்னியையும் ஐந்து சென்ட் காசையும் உருக்கினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. நாட்டை விட்டுப் போகும் பயணி இந்தக் காசுகளை ஐந்து டாலர் மதிப்புக்கு மேல் கொண்டு போகக்கூடாது.

கணக்கு

மூன்று பெட்டிகளையும் முடித்ததும் பழைய வழக்கப்படி நோட்டில் கணக்கெழுதினேன்.

பார்த்த காசு 7500. செம்பு 1412. இவற்றில் 1958 வரையிலான, பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் போட்ட காசு 31. எஃகு 1. கனடா நாட்டுப் பென்னி 22. 1909-ன் மூன்றெழுத்துக் காசு இல்லை. இரட்டை எழுத்து 1955 இல்லை.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். "தாத்தா, நாம ரிச் ஆயிடுவோமா?"

போட்டுக் காட்டினேன். 1412 காசில் நான்கு கிலோவுக்குச் சற்று மேல் செம்பு இருக்கும். பவுண்டு நான்கு டாலர் என்று வைத்துக்கொண்டால் 36, 37 டாலர். காசின் முக மதிப்பு 14 டாலர் 12 சென்ட். லாபம் 22 டாலர் சொச்சம், அதுவும் காகிதத்தில். உருக்கினால் ஜெயில். ஒன்றரை மாதம், இரண்டு ஆள் உழைப்பு. கோதுமைக் கதிர்க் காசுகளில் பெரும்பாலானவை சில சென்ட்டுகளுக்கு மேல் போகாது.

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் ஏன் எல்லாரும் இதைச் செய்யறாங்க?" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை. "நாளைக்கு மீதியைத் திருப்பிக் கட்டணும், வா, சுத்தலாம்" என்றேன். ஆறாயிரம் காசுகளை இருவருமாகக் காகிதத்தில் சுற்றினோம்.

அங்கேயும் ஒரு பாடம் இருந்தது. வாங்கிய வங்கியிலேயே கொண்டு போய்க் கொட்டியதும் கவுண்டரில் இருந்த பெண் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் பின்னால் நின்றுகொண்டு அந்தப் பெண் பக்கம்தான் பரிதாபப்பட்டேன். உண்டியல் சில்லறை வரும் நாளில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள் ஒரு வங்கியில் வாங்கி வேறொரு வங்கியில் கட்டுவார்களாம். பிறகுதான் தெரிந்தது.

பென்னியின் கடைசி நாள்

நாங்கள் ஊர் திரும்பி ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பர் 12-ம் தேதி, பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்தார்கள். 232 வருடத்துக் காசு நின்றது. காரணம் பழைய காரணம்தான். ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் செலவு. செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு இறங்கியும் கட்டுப்படியாகவில்லை. கனடா 2012-லேயே நிறுத்திவிட்டது.

நம் 25 பைசா நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம், 2011 ஜூன் 30-ம் தேதி முதல், செல்லாததாகிவிட்டது. பென்னிக்கு அந்தக் கதி இல்லை. அடிப்பதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், இருப்பவை தொடர்ந்து செல்லும். இன்னும் முப்பதாயிரம் கோடி பென்னிகள் வெளியே இருப்பதாக அரசே சொல்கிறது. மேஜை டிராயரிலும் ஜாடியிலும் கிடக்கும் அவையெல்லாம் இனி மெல்ல மெல்ல வங்கிக்கு வரும். பேரன் அன்று வீடியோவில் கூப்பிட்டு, "தாத்தா, இனிமே வர்ற ரோல்ல பழசு நிறைய இருக்குமாம், எப்ப வர்றீங்க?" என்றான்.

அக்டோபரில் நாங்கள் கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். செம்புக் காசுகளை அவன் மூன்று ஊறுகாய் ஜாடிகளில் போட்டு வைத்திருந்தான். ஐந்து டாலர் வரை கொண்டு போகலாமே, ஐநூறு காசு எடுத்துக்கோங்க என்றான். ஒன்றரை கிலோவைப் பெட்டியில் வைக்க உங்கள் பாட்டி விடமாட்டாள் என்று சொல்லி, ஒரே ஒரு ரோல், ஐம்பது காசு, வாங்கிக்கொண்டேன். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துவிட்டு என் சட்டைப் பையில் எதையோ போட்டான். உள்ளே போன பிறகு எடுத்துப் பார்த்தேன். அந்தத் துருப்பிடித்த 1943. மூன்று பெட்டியில் கிடைத்த ஒரே ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் டப்பியைத் திறந்து அதில் வைத்தேன். இப்போது எஃகுக் காசும் ஓட்டைக் காலணாவும் ஒன்றாகக் கிடக்கின்றன.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பியோ அஞ்சறைப் பெட்டியோ இருக்கும். இன்று சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை அதைப் பிரித்துப் பாருங்கள். எந்த வருடம், யாருடையது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். எங்கள் அம்மா எழுதி வைக்கவில்லை. அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் எழுதிவிட்டேன்.